யாராவது விலகினால்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்.

படித்து முடித்தால் நர்ஸே மருந்து எழுதித் தரலாம் என்றேனே, அந்த மேற்படிப்புக்கு நேர்காணல் முடிந்தது. நர்ஸாகும் முன் லாரி ஓட்டியவன் என்றதும் பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

“அத விட்டுட்டு இதுக்கு ஏன் வந்தீங்க?”

“ஒரு விபத்துல, என்கூட லாரி ஓட்டின அண்ணன் என் மடியிலதான் போனாரு. ரத்தத்த நிறுத்தத் தெரியாம உக்காந்திருந்தேன்.”

நேற்று பதில் வந்தது. இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம். காத்திருப்போர் பட்டியலில் நான்தான் முதல் ஆள், கவலைப்படாதே. போன் செய்து, “நான் ஏதாவது செய்யணுமா?” என்று கேட்டேன்.

“நீங்க செய்ய ஒண்ணுமில்ல. யாராவது விலகினா கூப்பிடுவோம்” என்றார் அலுவலகப் பெண்.

வார்டில் பெரியவர் ஒருவர் தினமும் வலியில் முனகுகிறார். டாக்டர் வந்து மருந்து எழுதும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. இங்கே வாங்கியதில் தூக்கம் பிடிக்கவில்லை.

எனக்காகச் சாமியிடம் கேட்கப் போகாதே அம்மா. எனக்கு இடம் கிடைக்க, யார் வீட்டிலோ ஏதோ நடக்க வேண்டும். என்னவென்று வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்