பதினாறு என்று எழுதியது

இன்று காலை பக்கத்து வீட்டு ரேடியோவில் பெருமாள் பாட்டு மூழ்கி மூழ்கி எழுந்தது. கோலமாவும் கையுமாக வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே திரும்பி உங்களைக் கூப்பிட வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் ரேடியோ நிலையத்தில் வேலையாயிருந்த நாட்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய டிரான்ஸ்மிட்டர். இந்தப் பக்கம் அதற்குத் துணையாக நீங்கள் பார்த்துக்கொண்ட பூஸ்டர். இரண்டும் ஒரே அலைவரிசையில் ஒரே பாட்டை அனுப்பும். "இம்மி பிசகினாலும் ஒண்ணை ஒண்ணு அமுக்கிடும். நடுவுல மாட்டறது நம்ம ஸ்ரீரங்கத்துக்காரங்கதான்" என்றீர்கள்.

"மாமியாரும் மருமகளும் சேர்ந்து பாடற மாதிரியா?" என்றேன். சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றித் தந்தீர்கள். குரல் ஒருமுறை அமுங்கி மறுமுறை அமுங்கும்வரை எத்தனை விநாடி என்று காலையும் மாலையும் நான் குறித்துவைக்க வேண்டும். விநாடி குறையக் குறைய, பிசகு அதிகமாம். "உன் நோட்டுல அடித்தல் திருத்தல் இருக்காது. அதான் உன்கிட்ட குடுக்கறேன்."

மாலையில் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்து நாலு. விடியலில் பெருமாள் பாட்டு. அந்த நேரத்தில் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. கண்ணை மூடி, விநாடிக்கு ஒன்றாக 'ரங்கா, ரங்கா' என்று எண்ணினேன். பதினாறு வந்தது. பத்து நாளும் காலைக் கணக்கில் பதினாறு விநாடி என்றே எழுதினேன்.

என் நோட்டை எடுத்துக்கொண்டு, காலையில் பூஸ்டர் பிசகுகிறது என்று அதிகாரிகள் முன்னால் போய் நின்றீர்கள். கருவி வைத்துப் பார்த்தார்கள். காலையும் மாலையும் ஒரே மாதிரிதான் இருந்தது. "சம்சாரத்தோட காதை நம்பியா சார் வந்தீங்க?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்களாம். பூஸ்டர் வேலையிலிருந்தே உங்களை எடுத்துவிட்டார்கள்.

அன்று சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டீர்கள். "வாட்ச்சைப் பார்த்துத்தானே எழுதினே?"

"ஆமாங்க."

மறுநாள் விடியலில் கண்ணைத் திறந்துவைத்துப் பார்த்தேன். இருபத்து நாலு. பாட்டில் கரைந்து என் 'ரங்கா' ஒவ்வொன்றும் ஒன்றரை விநாடியாக நீண்டிருக்கிறது. அன்றே சொல்லியிருந்தால் வேலை திரும்பியிருக்குமோ என்னவோ. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வருஷங்கள் போய்விட்டன.

கடைசி நாட்களில் உங்களைப் பார்க்க வந்த பழைய சிநேகிதரிடம் சொன்னீர்கள். "அவங்க மெஷின்தான் தப்பு. இவ தப்பா எழுத மாட்டா." கஞ்சித் தம்ளரோடு தலைமாட்டில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பெருமாளிடம் எத்தனையோ தடவை சொல்லி அழுதுவிட்டேன். அவரா என்னை நம்பினார்? நீங்கள்தானே.