சாயி புள்ள

இன்று காலை ரப்பர் கருகும் வாசம் வீடெல்லாம் அடித்தது. நம் மகன் செல்வா அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, உங்கள் டயரில் ஓட்டை போட்டான். உள்ளே தேங்கி நின்ற மழைத்தண்ணீர் உஸ்ஸென்று புகைந்து, கறுப்பாக வழிந்தது. வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு நீங்கள் வீட்டுக்குள் வரும்போது உங்கள் கூடவே வரும் வாசம் அது. என்னையறியாமல் வாசலைப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு வண்டியை வாங்கியவர் அந்த டயர் வேண்டாமென்று கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். நம் லயத்து வீட்டுத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்க, அதை என் கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் வைத்திருந்தோம். நேற்று கொசு பார்க்க வந்த சுகாதார ஆபீஸ் மாத்தையா, "தண்ணி நிக்குது. ஒண்ணு எறிங்க, இல்லாட்டி ஓட்டை போடுங்க" என்றார். செல்வாவுக்கு எறியத்தான் ஆசை.

"இந்தச் சனியன வளைச்சு வளைச்சுத்தாம்மா அப்பா நெஞ்சு போச்சு. பள்ளத்துல தள்ளிருவோம்."

நான் விடவில்லை. ஏன் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் பெரிய பைக்குக்குப் பின் டயர் பதுளை பஜாரில் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் நீங்கள் கை வைத்தது ஒரு கார் டயரில். கடைக்காரர் சிரித்தார்.

"அண்ணே, பைக்கு டயருக்கு முதுகு உருண்டை, சாய்ச்சா சாயும். இதுக்கு முதுகு தட்டை. நேர் ரோட்டுல ரயிலு மாதிரி போகும். வளைவுல நிமுந்துக்கிட்டு நிக்கும்."

"தேயாதுல்ல?"

"ஒங்க ஆயுசுக்கும் தேயாது."

அந்தச் சொல் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டே டயரை உருட்டிக்கொண்டு வந்தீர்கள்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வெலிமடையில் லீக்ஸ் மரக்கறி ஏற்றிக்கொண்டு வரும்போது, முனியாண்டி கோயில் வளைவில் எவ்வளவு தள்ளினாலும் வண்டி பள்ளத்தைப் பார்த்து நேரே போகத்தான் நினைக்கும். அப்போது தலையைத் திருப்பாமல், பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னிடம், "சாயி புள்ள" என்பீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து மலைப்பக்கம் சாய்வோம். முதலில் அடம் பிடிக்கும். பிறகு சட்டென்று டயர் விளிம்பில் விழுந்து திரும்பும். வளைவு முடிந்ததும், அடியில் ஒருவர் தோள் கொடுத்துத் தூக்கினாற்போலத் தானாக எழுந்து நிற்கும்.

"ஒனக்கும் இதுக்கும் ஒரே கொணம். சொன்னா கேக்காது."

"அப்ப ரெண்டு பேரையும் மாத்திருங்க."

"தேயிற வரைக்கும் மாத்த மாட்டேன்."

அந்தக் கடைசி நாளில் எனக்கு மலையில் தேயிலைக் கொழுந்து வேலை. வண்டியில் என் இடத்தில் லீக்ஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கியது. சமமான தரையில்தான் நின்றிருந்தேன். காதுக்குப் பக்கத்தில் உங்கள் குரல் கேட்டது. நினைப்பதற்குள் உடம்பு சாய்ந்து, கூடை கவிழ்ந்து, நானும் விழுந்தேன். பக்கத்து நிரைப் பெண்கள் சிரித்தார்கள்.

"என்னாடி, இங்கேயும் வளைவு வந்திருச்சா?"

நானும் சிரித்தேன். சுற்றிலும் பனி அசையாமல் நின்றது. வண்டியில் போகும்போது அடிக்கும் காற்று என் முகத்தில் மட்டும் அடித்தது.

வளைவைத் தாண்டி ரோட்டோரத்தில் வண்டி ஒரு கீறல் இல்லாமல் நின்றதாம். ஸ்டாண்ட் கூடப் போட்டிருந்தீர்கள். நீங்கள் மண்மேட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தீர்கள். நெஞ்சு வலி என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த வலியோடு, ஒற்றை ஆளாக, அந்த வளைவை எப்படித் திரும்பினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு பக்கத்து லயத்து மாரியாயி அக்கா வந்தது.

"நீ அன்னைக்கு வண்டியில வரலையா?"

"இல்லக்கா, மலையில நின்னேன்."

"எதுத்த மலையிலேருந்து பாத்தேனே. பனி வெலகுன நேரம், பின்னாடி ஆளு இருந்துச்சு."

"அது லீக்ஸ் மூட்டைக்கா."



"மூட்டை சாயுமாடி? ரெண்டு பேரும் ஒண்ணாச் சாஞ்சீங்களே."

பல நாள் அந்த ஆளை நினைத்துப் பயந்தேன். விளக்கை அணைக்காமல் படுத்தேன். ஒரு நாள் கூடையை முதுகில் மாட்டும்போதுதான், அன்று உங்கள் குரலுக்குச் சாய்ந்து அது கவிழ்ந்தது ஞாபகம் வந்தது. அப்புறம் பயமில்லை.

செல்வா சொல்வதுபோல இந்த டயர் உங்களைக் கொன்றிருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் தனியாளுக்கு எளிதாகத் திரும்பும் டயராக இருந்திருந்தால், கடைசி நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருப்பீர்களா?

ஓட்டை போட்டதும் தடவிப் பார்த்தேன். இன்னும் தேயவில்லை. செல்வா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கூரையில் ஏற்றி வைத்தான். தகரம் ஒருமுறை முனகி அடங்கியது. "காத்தும்மா" என்றான். வாசலில் காயப்போட்ட துணி ஆடவில்லை.

இப்போது பதுளைக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். முனியாண்டி வளைவில் எல்லோரும் பள்ளப் பக்கம் சரிவார்கள். நான் மட்டும் மலைப்பக்கம் சாய்வேன். போன முறை பக்கத்து சீட் காலியாக இருந்தது. நின்றுகொண்டு வந்த ஒரு பொண்ணு, "இங்க ஆளு இருக்காங்களா அக்கா?" என்று கேட்டது.

"ஆமா" என்றேன். "வளைவு தாண்டட்டும், அப்புறம் உக்காரு."