வாசல் மேசையில் மலிவு விலை பேட்

இன்று கூலாய் நகரில் ஒரு மினி மார்க்கெட்டில் மாதவிடாய்க்கான பேட் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். பாலையும் ரொட்டியையும் அப்படியே நீட்டியவள், பேட்டை மட்டும் கறுப்புப் பையில் திணித்து முடிச்சுப் போட்டாள்.

"பை வேணாம்மா."

"பின்னால ஆம்பளைங்க நிக்கிறாங்க அக்கா," என்று குசுகுசுத்தாள்.

தோழி, நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் ஒரே தொழிற்சாலைப் பேருந்தில் வேலைக்குப் போன காலம். செடெனாக் ஊர்க் கடைக்காரர் விலைக்கழிவு போட்ட பேட்டை வாசல் மேசையில் குவித்திருப்பார். அதைச் சுற்றித்தான் ஆண்கள் சிகரெட்டோடு நிற்பார்கள். அதே பேட் முழு விலையில் உள்ளே, சோப்புத்தூளுக்குப் பின்னால் இருக்கும். யார் கண்ணிலும் படாமலிருக்க நாம் கூடுதலாகக் கொடுத்து அங்கே வாங்கினோம். கையில் காசில்லாத மாதம் பழந்துணிதான்.

ஒரு சனிக்கிழமை நீ நேராக அந்த மேசைக்குப் போனாய். நான் சாலைக்கு எதிர்ப்புறமே நின்றுவிட்டேன். மூன்று பாக்கெட்டை எடுத்து, அளவை நிதானமாகப் படித்தாய்.

"என்னா தங்கச்சி, இதெல்லாம் உள்ள வந்து வாங்கக்கூடாதா?" என்றார் கடைக்காரர்.

"மலிவு வெல உள்ள இல்லையே அண்ணே. நீங்கதான இங்க வச்சிருக்கீங்க?"

ஆண்கள் சிரித்தார்கள். எனக்கு முதுகு மட்டும் தெரிந்த ஒருவன் உன் காலடியில் காறித் துப்பினான். நீ பாக்கெட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வந்தாய்.

திங்கட்கிழமை பேருந்தில் உன் கன்னம் வீங்கியிருந்தது. ஒரு பாக்கெட்டை என் மடியில் வைத்தாய். நான் அவசரமாகப் பைக்குள் ஒளித்தேன்.

"ஏன் லா அங்கயே நின்னுட்ட?"

"தெரிஞ்சவங்க நின்னாங்க."

"எனக்கும் தெரிஞ்சவங்கதான். துப்புனது எங்க அண்ணன்."

அதன்பிறகும் நீ அந்த மேசையில்தான் வாங்கினாய். உன்னோடு வந்து நிற்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அருவருக்கிறது. அதைவிட, உன்னைத் தெரியாதவள்போல் சாலையோரம் நின்ற என்னை நினைத்தால்தான். ஒருமுறையாவது உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கடைசி மாலையில்கூட, நான் மழையைப் பற்றித்தான் பேசினேன்.