பத்து எண்ணும் வரை

15.07.2025, செவ்வாய்

அன்புள்ள அஞ்சலினுக்கு,

நலம்தானே? நான் அனுராதா, செவ்வாய்க்கிழமைதோறும் இந்தப் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர். ஜூன் மாதப் பயிற்சியில், பாளையங்கோட்டையில், ஒரே ஒரு முறை பார்த்துக்கொண்டோம். பேச்சு முடியும்வரை பக்கத்து நாற்காலியில் சத்தம் வராமல் முறுக்குத் தின்றவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

தஸ்மியாவுக்கு உதவியாளராக உங்களைப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்லித்தர என்னைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்கரைப் பள்ளி. எனக்கு இந்தப் பள்ளி செவ்வாய்க்கிழமை மட்டும்தான். இந்த அட்டவணையைப் போட்ட புண்ணியவானை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும். மாற்றச் சொல்லி இரண்டு மனு கொடுத்தாயிற்று. போனில் பேசினால் நான் பஸ்ஸில் இருக்கிறேன், நீங்கள் பிள்ளையோடு மல்லுக்கட்டுகிறீர்கள், யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. அதனால் அலமாரியின் கீழ்த்தட்டில், சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் எழுதி வைக்கிறேன். நீங்களும் அங்கேயே வையுங்கள்.

விஷயம் தஸ்மியாவின் நோட்டு. பேச்சு வராத, கை சொன்னபடி கேட்காத பிள்ளை. போன வருஷம் முழுக்கக் கோடு போட்டவள். இப்போது 'அம்மா', 'ஆடு' என்று வரிக்குள் நிற்க எழுதுகிறாள். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரைப் பார்த்தேன். அதே சுழி.

அஞ்சலின், அவள் கையைப் பிடித்து எழுதாதீர்கள். பென்சிலைக் கொடுத்துவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவளாக அசையட்டும். சோறும் அப்படித்தான், சிந்தினால் சிந்தட்டும்.

அன்புடன்,
அனுராதா


17.07.2025

மதிப்பிற்குரிய அனுராதா டீச்சருக்கு அஞ்சலின் எழுதிக்கொள்வது,

மாதா கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். முறுக்குத் தின்றது நான்தான். அன்றைக்கு அம்மா வீட்டிலிருந்து, சாத்தான்குளத்தில் விடியற்காலை பஸ் ஏறி வந்தேன். பசித்தது.

பத்து எண்ணச் சொல்கிறீர்கள். மூன்று எண்ணும்போது மூன்றாம் வகுப்பு மகேஷ் சார், "ஏம்மா, ஒண்ணாங் கிளாஸ்ல டீச்சர் இல்ல, கொஞ்சம் அங்கன போய்ப் பாத்துக்கிடுங்க" என்கிறார். ஐந்து எண்ணும்போது ஹெட்மாஸ்டர் சிவசண்முகம் சாருக்கு டீ வாங்க வேண்டும். ஏழில் பெல் அடிக்க வேண்டும். பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கையைப் பிடிக்கிறேன் என்பது உண்மை. ஏன் என்று கேளுங்கள். சாயங்காலம் அவள் அம்மா ஜுபைதா பீவி கேட்டில் நின்று முதல் வேலையாக நோட்டைத்தான் திறக்கிறார். ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் வெறும் கோடாக இருந்தது. மூடிப் பைக்குள் வைத்தார். அந்த மூஞ்சியை நீங்கள் பார்க்கவில்லை, உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு பஸ். மறுநாள் 'அம்மா' என்று எழுதி விட்டேன். அந்த நோட்டைத் தெருவெல்லாம் காட்டினாராம். இனி நான் எப்படி கோடு போட்டு அனுப்புவேன்?

முட்டை மட்டும் அவளே தின்கிறாள். மஞ்சள் கருவை முதலில்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த,
அஞ்சலின்


12.08.2025, செவ்வாய்

அன்புள்ள அஞ்சலினுக்கு,

கீழ்ப்படிந்த என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எதில் கீழ்ப்படிந்தீர்கள் என்று சொன்னால் நன்றாயிருக்கும். நோட்டில் இப்போது 'இலை' வந்திருக்கிறது, 'ஈட்டி'யும் வந்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் அரையாண்டுக்குள் கட்டுரை எழுதிவிடுவாள்.

எனக்குப் பதினோரு பள்ளி. ஒவ்வொன்றிலும் ஒருவரிடம் இதையே சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள், போட்டோவுக்கு நிற்கிறார்கள், நான் பஸ் ஏறியதும் பழையபடி. எனக்குச் சலித்துப் போகிறது. உங்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், அந்தப் பிள்ளை உங்களைக் கண்டால் சிரிக்கிறாள் என்று மகேஷ் சார் சொன்னார். என்னைக் கண்டால் பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போகிறாள்.

பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடி ஒன்று வைத்திருக்கிறேன். அதோடு பழக்குங்கள். தயவு செய்து.

அனுராதா


14.08.2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

ரப்பர் பிடியைத் தின்றுவிட்டாள். பாதி வாயிலிருந்து எடுத்தேன், மீதி எங்கே என்று தெரியவில்லை. வேறு இருந்தால் கசப்பாக ஏதாவது அனுப்புங்கள்.

நேற்று உங்கள் பேச்சைக் கேட்டு உண்மையாகவே எண்ணினேன். பென்சிலை எறிந்தாள். எடுத்துக் கொடுத்தேன். எறிந்தாள். பிறகு கத்த ஆரம்பித்தாள், ஒரு பாடவேளை முழுக்க. மகேஷ் சார் நல்ல மனுஷன், அவரே, "இப்படின்னா நான் மத்த பிள்ளைகளுக்கு எப்படிம்மா பாடம் நடத்துவேன்? ஒண்ணு அவ சும்மா இருக்கணும், இல்லாட்டி வீட்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். கையைப் பிடித்தேன். அடங்கிவிட்டாள். நீங்களாக இருந்தாலும் பிடித்திருப்பீர்கள்.

அஞ்சலின்


08.09.2025

அன்பும் மதிப்பும் நிறைந்த டீச்சருக்கு,

சந்தோஷமான சமாச்சாரம். வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்தார். ஹெட்மாஸ்டர் தஸ்மியாவின் நோட்டைக் காட்டினார். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "இந்தக் குழந்தையா எழுதினாள்?" என்றார். ஹெட்மாஸ்டர் ஆமாம் என்றார். எனக்குக் கை கொடுத்தார், டீச்சர். நான் முந்தானையில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். ஏதோ தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நகல் இதோடு வைத்திருக்கிறேன், உங்களுக்கும் நல்ல பெயர்தானே.

இப்போதாவது என்மேல் கோபம் தீர்ந்ததா?

அஞ்சலின்


09.09.2025, செவ்வாய்

அஞ்சலின்,

அந்தத் தாளைப் படிக்கவே இல்லையா நீங்கள்?

'குழந்தை தானாக எழுதும் நிலையை எட்டியுள்ளதால் உதவியாளர் தேவையில்லை, அக்டோபர் முதல் விலக்கிக்கொள்ளலாம்.' இதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்கள் அழகான எழுத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்.

நீங்கள் போனபின் அவளை யார் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது? கத்தினால் யார் வெளியே அழைத்து வருவது? மகேஷ் சார் ஒரு வாரம் தாங்குவார். பிறகு வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்பார்கள். வீட்டிலிருந்தே என்றால் மாதம் ஒருமுறை ஒருவர் போய் எட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். ஜுபைதா பீவி பீடி சுற்ற, இவள் பக்கத்தில் பாயில் கிடப்பாள். எட்டு வயதுப் பிள்ளை.

அதிகாரியிடம் போனில் கெஞ்சினேன். 23ஆம் தேதி மறுபடி வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். செவ்வாய், அதனால் நீங்கள் இருக்கமாட்டீர்கள். அதற்குள் நோட்டில் எழுதியது யார் கை என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதி ஹெட்மாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அனுராதா


11.09.2025

அனுராதா டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன்.

நீங்கள் சொன்ன கடிதத்தைப் பற்றிக் கேட்க ஹெட்மாஸ்டரிடம் போனேன். "நீ என்னத்துக்கும்மா எழுதிக் குடுக்கணும்? வேலை போயிரும் பாத்துக்க. நோட்டை வச்சு மட்டுமா அவர் எழுதினாரு? ஆப்ல ஏத்தி வச்சதையும்லா பாத்தாரு" என்று, பிள்ளைகளின் நிலையை மாதாமாதம் ஏற்றும் அந்த ஆப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். தஸ்மியா, எழுத்து, நான்காம் நிலை, அதாவது தானாக எழுதுகிறாள். ஏற்றிய தேதி ஜூன் 30. ஏற்றியவர் பெயர் அனுராதா.

ஜூன் 30 அன்றைக்கு நான் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அப்போது நோட்டில் கோடுதான் இருந்தது. நீங்கள் எந்த நோட்டைப் பார்த்து நான்கு போட்டீர்கள்?

எனக்கு நீங்கள் ஜூலையிலிருந்து பாடம் நடத்தினீர்கள். நானும் தலை குனிந்து கேட்டேன்.

அஞ்சலின்


16.09.2025, செவ்வாய்

அன்புள்ள அஞ்சலினுக்கு,

நீங்கள் கேட்டது சரி. எந்த நோட்டையும் பார்த்து நான் போடவில்லை.

மாதக் கடைசி நாள். பதினோரு பள்ளிப் பிள்ளைகளையும் அன்றைக்கே ஏற்றி முடிக்க வேண்டும். தஸ்மியாவுக்கு இரண்டு என்று போட்டேன், உண்மை அதுதான். போன வருஷமும் அதேதான், முன்னேற்றம் இல்லாததற்கு விளக்கம் எழுது என்று திரும்பி வந்தது. எழுதினேன். ஆப் எடுக்கவில்லை. மறுபடி எழுதினேன். பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, கையில் ஒரு பையும் தோளில் ஒரு பையுமாக, என் பஸ்ஸும் வந்துவிட, நான்கு என்று அழுத்தினேன். உடனே ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தே போனேன்.

உங்கள் நோட்டைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

அதிகாரிக்கு என் கடிதத்தை இன்று அனுப்பிவிட்டேன். ஆப்பில் ஏற்றியது பொய், நோட்டு துணையோடு எழுதியது, உதவியாளரைச் சரியாக வழிநடத்தாதது என் பிழை என்று எழுதியிருக்கிறேன். உங்கள் கடிதம் தேவையில்லை. போன வாரம் அப்படிக் கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வேலை போனால் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அனுராதா


19.09.2025

அன்புள்ள டீச்சருக்கு,

என் கடிதத்தையும் நேற்று கொடுத்துவிட்டேன். நீங்கள் மட்டும் நல்லவராகிவிடலாம் என்று பார்த்தீர்களா?

ஹெட்மாஸ்டர் வாங்க மாட்டேன் என்றார். மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு கேட்டுக்குப் போய் ஜுபைதா பீவியிடமும் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. 'அம்மா' என்று எழுதினது அவ இல்ல, நான்தான் என்றேன். தஸ்மியாவின் பையை வாங்கித் தோளில் மாட்டினார். பிறகு, "எனக்குத் தெரியாதாக்கா? அவ வீட்ல பென்சிலைத் தொடவே மாட்டாளே. நீங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன்" என்றார்.

யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் நான்?

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். மேற்கு ஜன்னலைச் சாத்திவையுங்கள், தசரா மேளம் தெருவில் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவாள். நான் அக்கரையிலிருந்து ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

அஞ்சலின்


23.09.2025, செவ்வாய்

அன்புள்ள அஞ்சலினுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதிகாரி தாளும் பென்சிலும் கொடுத்தார். என் கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். பென்சிலைப் பிடித்தாள். எறியவில்லை. கதவைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். உங்களைத்தான் தேடினாள். பிறகு என் முந்தானையை விலக்கி, என் வலது கையை வெளியே இழுத்து, தன் கைமேல் வைத்துக்கொண்டாள். வைத்துவிட்டுத் தாளைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"இது என்ன?" என்றார் அதிகாரி. ஹெட்மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். மகேஷ் சார்தான், "தினமும் இப்படித்தான் சார் எழுதுதா" என்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். அவளுக்குக் கோபம். மறுபடி இழுத்தாள், மறுபடி எடுத்தேன். எண்ணத் தொடங்கினேன். பத்து தாண்டியது, இருபது தாண்டியது. முப்பத்தெட்டில் ஒரு கோடு கீழே இழுத்தாள். அடியில் போய் அது வலது பக்கம் திரும்பியது. 'ட' மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். அதிகாரி அந்தத் தாளைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

உதவியாளர் தொடர வேண்டும் என்று எழுதிவிட்டார். தஸ்மியா இங்கேயேதான் படிப்பாள். ஆனால் அந்த உதவியாளர் நீங்கள் இல்லை. உங்கள் கடிதம் அவர் கையில் இருந்தது. அக்டோபரிலிருந்து உங்களுக்கு எல்லா நாளும் அக்கரைப் பள்ளி, இங்கே புதிதாக ஒருவர் வருவார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒரு மெமோ, அது போகட்டும். வெளியே வந்து வேப்பமரத்தடியில் அழுதேன். நான் சொன்னதைச் செய்யாததற்காக இரண்டு மாதம் உங்களைத் திட்டினேன், நான் வேண்டாம் என்ற கடிதத்தைக் கொடுத்ததற்கு உங்களுக்குத் தண்டனை.

இன்னொன்று. அடுத்த மாதம் முதல் எனக்கு வியாழக்கிழமையில் அக்கரைப் பள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மனுவால் நடக்காதது இப்படி நடந்திருக்கிறது. முறுக்கு வாங்கி வருகிறேன்.

அனுராதா


26.09.2025

அன்புள்ள அனுராதா டீச்சருக்கு,

அலமாரிச் சாவியை மகேஷ் சாரிடம் கொடுத்துவிட்டேன். இது இந்த டப்பாவுக்கு அடியில் நான் வைக்கும் கடைசிக் கடிதம். புதிதாக வருகிறவரிடம் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன், செவ்வாய்க்கிழமை அவர் இருக்கமாட்டார், அதனால் நீங்களும் எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

முட்டையை உரித்துக் கொடுக்க வேண்டாம், தட்டிக் கொடுத்தால் போதும், மீதியை அவளே செய்வாள். பென்சிலை எறிந்தால் உடனே எடுத்துக் கொடுக்கக் கூடாது. டீ வாங்கச் சொன்னால் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இரண்டாம் நாள் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பத்து எண்ணினால் போதாது. நான் மூன்று நாளாக எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒருநாள் நாற்பது, ஒருநாள் ஐம்பத்திரண்டு. ஆனால் அசைகிறாள், டீச்சர்.

இன்று நோட்டில் ஐந்து கோடு இருக்கிறது. நான் தொடவில்லை. ஜுபைதா பீவி கேட்டில் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு கோட்டையும் விரல் வைத்துப் பார்த்தார். பைக்குள் வைக்கவில்லை, கையிலேயே கொண்டுபோனார்.

வகுப்பிலிருந்து கேட் வரைக்கும் தஸ்மியா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் அதற்கு ஒன்றும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
அஞ்சலின்