கடைசியில் போட வேண்டிய சுவிட்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலியும் அப்பாவின் இருமலும் குறைந்திருக்கின்றனவா?

பள்ளி அரங்கத்தில் ஸ்பீக்கர் எரிந்ததற்கு என்மேல் பழி போட்டு, ஒலிக்குழுத் தலைவி அக்கா ஒலிக்கருவிகள் இருக்கும் ரேக்கின் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள் என்று எழுதியிருந்தேனே, அதற்குப் பதிலடி கொடுத்துவிட்டேன். மைக்குகளை இணைக்கும் மிக்ஸரை முதலிலும் ஆம்ப்ளிஃபையரைக் கடைசியிலும் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்பீக்கர் அதிர்ந்து எரிந்துபோகும். கையேட்டை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான்.

நேற்று பெற்றோர் கூட்டத்துக்கு முன் மிஸ், "யாரு ஆன் பண்றீங்க?" என்றார்.

"அக்காவே பண்ணட்டும் மிஸ். நான் பாத்துக் கத்துக்கிறேன்," என்றேன்.

ஸ்பீக்கர் பாவம் என்று, கூட்டத்துக்காக ஒயர் மாட்டப் போனபோதே ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்து வைத்திருந்தேன். அக்கா ஆம்ப்ளிஃபையரைத்தான் முதலில் போட்டாள். பிறகு மிக்ஸரைப் போட்டதும் எழுந்த சத்தத்தில் தலைமையாசிரியர் நாற்காலியோடு துள்ளினார்.

"அன்னிக்கும் இப்படித்தான் போட்டியா?" என்றார் மிஸ். அக்கா சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

சாவி இப்போது என்னிடம். எனக்கு அவள்மேல் துளிகூடப் பரிதாபம் இல்லை. அவளுடைய கூட்டம் விடுதிச் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டது. சாப்பிடும்போது படிக்க ஒரு புத்தகம் அனுப்பு. எதுவானாலும் சரி, தடிமனாக இருக்கட்டும்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மகள்