படுக்க வைத்தவள்

டிராம்பே
3.8.2024

அன்புத் தங்கச்சி ரெபேக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கே யாருக்கும் தூக்கமில்லை என்று உன் வீட்டுக்காரர் சாஜன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். உன் மகள் மெரினுக்குக் கடுகு அடைத்த தலையணை தைத்து அனுப்பியிருக்கிறேன். தலை உருண்டையாக வரும். என் ஆரோன் போய் ஒன்பது வருஷம். அதற்கப்புறம் இப்போதுதான் பிள்ளைத் துணி தைக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு வரவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அக்கா ஃப்ளோரா

தாராவி
8.8.2024

ஆசை அக்காவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம். தலையணையை மெரினுக்கு வைக்கவில்லை. ஒரு வயது வரை தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது, மூச்சு முட்டிவிடும் என்று நர்ஸம்மா சொன்னார். எங்கள் பக்கத்திலேயே, ஆனால் தனியாக, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்கிறோம்.

தூக்கத்திலேயே நெளிகிறாள், முனகுகிறாள், உதட்டைக் கோணிச் சிரிக்கிறாள். முழித்துவிட்டாள் என்று தூக்கப் போனால், இல்லை, சம்மனசுகளோடு, அந்த வானதூதர்களோடு பேச்சு. தகரத்தில் மழை விழுகிறது. நானும் பாதிக் கனவில்தான் எழுதுகிறேன். கோபமா அக்கா?

ரெபேக்கா

டிராம்பே
10.8.2024

ரெபேக்கா,

கோபமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆரோன் தலைக்கு அதே கடுகுத் தலையணையை வைத்தது நான்தானே. இத்தனை வருஷம் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். என் பிள்ளையை நானே கொன்னுட்டேனா? ஒளிக்காமல் எழுது.

ஃப்ளோரா

தாராவி
14.8.2024

அக்கா,

நர்ஸம்மாவிடம் கேட்டேன். சில பிள்ளைகள் காரணமே தெரியாமல் தூக்கத்தில் போய்விடுமாம். ஆரோன் எதனால் போனான் என்று இனி யாராலும் சொல்ல முடியாதாம்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. தலையணை நீ வைத்தாய். அன்றைக்கு நீ வேலைக்குப் போன பிறகு அவனைக் குப்புறப் போட்டுத் தட்டித் தூங்க வைத்தது நான். அப்படிப் போட்டால் சீக்கிரம் தூங்குவான். தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் நீ வந்துவிட்டாய். குப்புற மட்டும் போடாதே என்று நர்ஸம்மா சொன்னபோது மெரினை நெஞ்சோடு இழுத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பதினேழு வயது அக்கா. ஒன்றும் தெரியாது.

ரெபேக்கா

டிராம்பே
22.8.2024

என் ரெபேக்காவுக்கு,



நீ அவனைக் குப்புறப் போட்டது எனக்கு அன்றைக்கே தெரியும். வந்து அவனைத் திருப்பியது நான்தானே. யார் இப்படிப் படுக்க வைத்தது என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றேன். நீ வாசலில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாய், சின்னப் பிள்ளை. வெளியே உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, உள்ளே மன்னிக்கவும் இல்லை. அதனால்தான் ஞானஸ்நானத்துக்கு வர முடியவில்லை. உன் கையில் ஒரு பிள்ளையைப் பார்க்கப் பயந்தேன்.

இப்போது நீயும் நானும் தெரியாமல்தான் செய்தோம் என்று ஆகிவிட்டது. அழுதேன், கொஞ்சம் தூங்கவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்றைக்கு நான் வரும்வரை மெரினைத் தூங்க விடாதே. என் கண் முன்னால் நீயே அவளைப் படுக்க வை.

உன் அக்கா