ஒட்டி வச்ச நாலாவது முகம்

அன்பு அண்ணே,

அன்புன்னு எழுதினது கைப்பழக்கம். அழிக்கல, இருந்துட்டுப் போகட்டும்.

நீ போய் நாப்பது நாள் ஆச்சு. சனிக்கிழமை கிள்ளான்ல நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்துல உனக்கு நினைவு நிகழ்ச்சி. தலைமையாசிரியை போன் பண்ணி, "ஆன்டி, சாரோட மூணு முகத் தாளை நீங்கதான் பிள்ளைங்களுக்கு மடிச்சுக் காட்டணும்"னாங்க. சாரோடதாம்.

பிரிக்பீல்ட்ஸ்ல கல்யாணக் கார்டு கடையில இருந்தப்ப, வெட்டிப் போட்ட நீளத் துண்டுகளை முக்கோணம் முக்கோணமா மடிச்சு, ஆறு மூலை வச்சு ஒட்டினவ நான். நடுவுல பிதுக்கி விரிச்சா, உள்ளே இருக்கிற இன்னொரு முகம் வெளிய வரும். உலகத்துல வேற யாராச்சும் எனக்கு முன்னாடி செஞ்சிருக்கலாம், எனக்குத் தெரியாது. நீ செய்யல.

மயில், குத்துவிளக்கு, பூச்சரம்னு முகத்துக்கு ஒரு படம், மூணும் சுத்திச் சுத்தி வரும். பிடியை ஒரு மூலை தள்ளினாத்தான் நாலாவது முகம். அதுல என் பேரை எழுதி உனக்குக் கொடுத்தேன். நீ அதைக் கண்காட்சிக்குக் கொண்டு போனே, பேப்பர்ல உன் படம் வந்துச்சு. "என் பேரு எங்கண்ணே?"ன்னு கேட்டதுக்கு, "பேப்பர்காரன் விட்டுட்டான் லா"ன்னே.

அப்பவும் உனக்காக நான்தான் சாக்கு தேடினேன். பிள்ளைங்களுக்கு அண்ணன் மூணு முகம்தானே சொல்லிக் கொடுக்குறாரு, நாலாவதைத் திறக்கத் தெரியல போல, என் பேரையே பார்த்திருக்க மாட்டாருன்னு நினைச்சேன். இருபது வருஷம் அப்படியே நம்பினேன், மடச்சி.

முந்தாநாள் அண்ணி உன் அலமாரியில இருந்து அதை எடுத்துக் கொடுத்தாங்க. நான் கொடுத்த அதே தாள். மூலை தள்ளிப் பிதுக்கினேன், வரல. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா, என் பேரு இருக்கிற முகம் திறக்காதபடி பசை தடவி ஒட்டியிருக்கு. ஓரமெல்லாம் பிசிறில்லாம, அவ்வளவு நிதானமா. திறக்கத் தெரியாதவங்க அங்க எப்படிண்ணே பசை தடவுவாங்க?

அண்ணிகிட்ட காட்டி, சனிக்கிழமை இதைத்தான் கொண்டு போறேன்னேன். பார்த்துட்டு அப்படியே உக்காந்துட்டாங்க.

"போனவரு போயிட்டாரு. சபையில வேணாம் லா, சரோ."

"பேரு வாங்கினது சபையிலதானே அண்ணி?"

அவங்க எழுந்து போய் டீ போட்டாங்க.

ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உன் பேரையே எழுதிக்க அண்ணேன்னு நானே கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. என்கிட்ட கேக்குறது அவ்வளவு கேவலமா இருந்துச்சா உனக்கு?

சனிக்கிழமை கண்டிப்பா வருவேன். மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்துல நின்னு, பிள்ளைங்க முன்னாடி அந்தப் பசையைப் பிரிப்பேன். பேரும் சேர்ந்து கிழிஞ்சா கிழியட்டும். யாரு ஒட்டினதுன்னு ஏதாச்சும் ஒரு பிள்ளை கேக்கும். இந்தத் தடவை நான் உனக்குச் சாக்கு சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உனக்குத் தங்கச்சிதான்,
சரோஜா